வேர் அழுகிய ஆர்க்கிட் செடி பிழைக்குமா?



போன தை மாதம் மணவூர்ல ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, சந்தா எல்லாம் வசூல் ஆச்சு. உள்கடன் பாக்கி பற்றிப் பேச்சு வந்ததும் ஒரு சகோதரி மட்டும் தலையைக் குனிஞ்சுகிட்டாங்க. ஆடி மாதம் குழுவில் 6,000 ரூபாய் கடன் வாங்கி, அதில் 5,000 ரூபாய்க்கு 20 ஆர்க்கிட் தொட்டி வாங்கினவங்க. ஒரு தொட்டி 250 ரூபாய். மீதி 1,000 ரூபாய்க்கு மேலே கட்டுற பச்சை வலை. கல்யாண மேடை அலங்காரம் செய்யறவங்க ஆர்க்கிட் பூவைத் தேடி வாங்குறாங்க, திருத்தணி பக்கத்துல முகூர்த்தத்துக்குக் குறைவே இல்லை, அதனால பூ வித்தே கடனை அடைச்சிடலாம்னு ஒரு கணக்கு. கணக்கு தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா செடி இருந்தாத்தானே பூ?

"தண்ணி ஊத்தாத நாளே கிடையாதுங்க. ரெண்டு வேளையும் ஊத்தினேன். ஊத்த ஊத்த இலை சுருங்குது. பிள்ளை மாதிரி பார்த்தும் இப்படிப் போகுது"ன்னு சொல்லி அவங்க அழுதுட்டாங்க. வீட்டில் மாமியார் தமிழ்ல கொஞ்சம், தெலுங்குல கொஞ்சம் என்று தினமும் திட்டு. குழுவில் சிலர், "பூச்செடிக்கெல்லாம் கடன் தரக்கூடாதுன்னு தீர்மான நோட்டுல எழுதுங்க" என்று ஊக்குநரிடம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அன்றைக்குக் கூட்டம் முடிஞ்சதும் நாங்க நாலு பேர் அவங்க வீட்டுக்குப் போனோம். ஒரு தொட்டியைக் கவிழ்த்து வேரை எடுத்துப் பார்த்த பிறகுதான் சங்கதி புரிஞ்சது. அங்கே பார்த்தது, செஞ்சது, அதில் நடந்த தப்பு எல்லாத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

தண்ணி ஊத்தியும் செடி வாடுவது ஏன்?

நம்ம கத்தரியும் மிளகாயும் வாடினா தண்ணி இல்லைன்னு அர்த்தம். ஆர்க்கிட் வாடினா பாதி நேரம் தண்ணி கூடிப் போச்சுன்னு அர்த்தம். இது கேட்கும்போது விசித்திரமா இருக்கும். காரணம் அந்தச் செடி பிறந்த இடம்.

கடையில் விற்கிற ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மண்ணில் வளர்றது கிடையாது. மரக்கிளை மேல ஒட்டிகிட்டு வளரும். மரத்தோட சாற்றை உறிஞ்சாது, அதனால புல்லுருவி வேற, இது வேற. கிளை இதுக்கு உட்கார இடம், அவ்வளவுதான். மழை பெய்யும்போது வேர் நனையும், மழை விட்டா காத்துல காய்ஞ்சிடும். நனையறதும் காயறதும் மாறி மாறி நடக்கணும். அதுக்குத் தகுந்த மாதிரி வேர் மேல வெள்ளையா ஒரு பஞ்சு போர்வை இருக்கும். இதை வெலமென் என்று தோட்டக்கலைக்காரங்க சொல்வாங்க. தண்ணி பட்டதும் அந்தப் பஞ்சு சட்டுன்னு குடிச்சிடும். காய்ந்திருக்கும்போது சாம்பல் கலந்த வெள்ளி நிறத்தில் இருக்கிற வேர், நனைஞ்ச உடனே பச்சையா மாறும். உள்ளே இருக்கிற பச்சையம் ஈரப் பஞ்சு வழியா வெளியே தெரியறதுதான் காரணம். உங்க வீட்டில் ஆர்க்கிட் இருந்தா இன்றைக்கே தண்ணி தெளிச்சுப் பாருங்க, கண்ணெதிரே நிறம் மாறும்.

இப்படிப்பட்ட வேரை எப்போதும் ஈரத்திலேயே வெச்சிருந்தா பஞ்சுக்குள்ளே காத்து போக வழி இல்லாம வேர் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேரில் பூஞ்சாணம் ஏறும். அழுகின வேர் தண்ணியை மேலே அனுப்பாது. அப்போ தொட்டி நிறைய தண்ணி இருந்தும் செடிக்குக் குடிக்கத் தண்ணி கிடையாது. இலை சுருங்கும், தொங்கும். அதைப் பார்த்து நாம இன்னும் ஒரு செம்பு ஊத்துவோம். நெல் நாத்து தண்ணிக்குள்ளேயே நிற்குமேன்னு கேட்பீங்க. நெல்லோட வேருக்குள்ளே மேலே இருந்து காத்து இறங்கறதுக்குக் குழாய் மாதிரி வழி உண்டு. ஆர்க்கிட்டுக்கு அந்த வசதி இல்லை.

நம்ம மணவூர் சகோதரி வீட்டில் மூணு தப்பு ஒண்ணா சேர்ந்திருந்தது. வாங்கும்போதே தொட்டிக்குள்ளே தேங்காய் நார்த்தூளை இறுக்கி அடைச்சுக் கொடுத்திருந்தாங்க. நார்த்தூள் தண்ணியைப் பிடிச்சா லேசில் விடாது. அழகுக்காக அந்தத் தொட்டியை ஓட்டை இல்லாத இன்னொரு பிளாஸ்டிக் தொட்டிக்குள்ளே இறக்கி வெச்சிருந்தாங்க, அடியில் நாலு விரல் தண்ணி தேங்கி நின்னது. பலம் வரட்டும்னு மேலே செம்மண்ணும் எருவும் போட்டது மூணாவது. ஐப்பசி, கார்த்திகை மழை வேற. இதுக்கு மேல எந்த வேர் தாங்கும்? விற்றவங்க "தினமும் ரெண்டு வேளை தண்ணி" என்று சொல்லி அனுப்பினாங்களாம். கடன் வாங்கி வாங்குற பொருளுக்கு விற்கிறவங்க பேச்சு மட்டும் போதாது, வேற ஒரு ஆளையும் கேட்கணும்.

தண்ணியோட தரத்தையும் சொல்லணும். நம்ம பக்கத்து போர் தண்ணி பல இடத்தில் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையா பொரிஞ்சு நிற்கிறது அந்த உப்புதான். ஆர்க்கிட் வேர் நுனிக்கு உப்பு ஆகாது, கருகும். கருகின இடத்தில் அழுகல் ஆரம்பிக்கும். மழை நீர் ரொம்ப நல்லது. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆச்சு. அந்தக் குழாய் வாயில் ஒரு டிரம் வெச்சு மூடி வெச்சா 20 தொட்டிக்கு ரொம்ப நாள் வரும். கொசு வராம துணி கட்ட மறக்காதீங்க.

முதல்ல வேரைத் தொட்டுப் பாருங்க

இலையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. தொட்டியைக் கால் மணி நேரம் தண்ணியில் ஊற வெச்சா ஒட்டியிருக்கிற வேர் லேசில் விடும். பிறகு மெதுவா செடியை வெளியே எடுத்து, பழைய நார், தூள் எல்லாத்தையும் குழாய்த் தண்ணியில் கழுவி விடுங்க.

ஒவ்வொரு வேரையும் ரெண்டு விரலால் அழுத்திப் பாருங்க. முருங்கைக்காய் பிஞ்சு மாதிரி கெட்டியா இருந்தா உயிர் இருக்கு, நிறம் வெள்ளையோ பச்சையோ கொஞ்சம் பழுப்போ எதுவா இருந்தாலும் பரவாயில்லை. அழுத்தினா கொழகொழன்னு தண்ணி வந்து, மேல் தோல் உருவிக்கிட்டு உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்னா அது செத்த வேர். சப்பையா காய்ஞ்ச சுள்ளி மாதிரி இருந்தாலும் செத்ததுதான், ஆனா அது தண்ணி இல்லாம செத்தது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. சுள்ளியா காய்ஞ்ச வேர் நிறைய இருந்தா நீங்க தண்ணியைக் கூட்டணும்.

வேரோடு நிறுத்தாம தண்டோட அடியையும் பாருங்க. நம்ம ஊருக்கு ஒத்துவர்ற டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டோட தண்டு, கரும்பு மாதிரி கணு கணுவா இருக்கும். அந்தத் தண்டுதான் அதோட தண்ணித் தொட்டி, அரிசிப் பானை எல்லாம். தண்டு கெட்டியா இருந்தா, இலையே இல்லாட்டியும் செடிக்கு உயிர் இருக்கு. இலை உதிர்ந்த தண்டைக் காய்ஞ்சு போச்சுன்னு வெட்டிப் போட்டுடாதீங்க, பழைய தண்டுதான் புதுத் தளிருக்குப் பால் கொடுக்குது. தண்டோட அடி கறுத்து மெத்துன்னு ஆகியிருந்தா அழுகல் வேரைத் தாண்டி மேலே ஏறிடுச்சுன்னு அர்த்தம். அடித்தண்டைக் குறுக்கே வெட்டும்போது ஊதா நிறத்தில் வளையம் தெரிஞ்சா அது வாடல் பூஞ்சாணம். சுத்தமான வெள்ளை தெரியற வரை வெட்டிக்கிட்டே போகணும். எங்கேயும் வெள்ளை தெரியலைன்னா அந்தச் செடியை மற்ற தொட்டிகள் பக்கம் வைக்காம எரிச்சிடுங்க. மனசு கேட்காது, ஆனா வேற வழியில்லை.

இன்னொண்ணு. தண்டு அடியில் வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு கடுகா பழுப்பு உருண்டை இருந்தா நிலக்கடலை போட்டவங்களுக்கு உடனே தெரியும். கடலைச் செடியில் தண்டழுகல் கொடுக்கிற அதே பூஞ்சாணம் ஆர்க்கிட்டையும் பிடிக்கும். அந்தத் தொட்டியில் இருந்த நார், கரி எதையும் திரும்ப உபயோகிக்கக் கூடாது.

மணவூரில் 20 தொட்டியையும் திண்ணையில் பிரிச்சுப் போட்டோம். 6 செடிக்கு வேர் ஓரளவு நல்லா இருந்தது. 9 செடிக்குப் பாதிக்கு மேல அழுகல். மீதி 5 செடியில் கையில் பிடிக்க ஒரு வேர் கூட இல்லை.

வெட்டுறதும் ஆற விடுறதும்

நல்ல கூர்மையான ப்ளேடோ கத்தரிக்கோலோ எடுத்துக்குங்க. அடுப்புத் தீயில் காட்டி ஆற வெச்சுத்தான் தொடணும். ஒரு செடி முடிஞ்சதும் மறுபடியும் தீயில் காட்டணும். இதில் சோம்பல் படக்கூடாது, ஏன்னா ஆர்க்கிட்டுக்கு வைரஸ் நோய் உண்டு, அது வெட்டுற கத்தி வழியாத்தான் ஒரு செடியில் இருந்து இன்னொண்ணுக்குப் போகும், அதுக்கு மருந்தே கிடையாது.

அழுகின வேரை, கெட்டியான பகுதி கொஞ்சம் சேர்த்தே வெட்டுங்க. மிச்சம் பிடிக்கலாம்னு அழுகலை ஒரு விரல்கடை விட்டு வெச்சா ஒரே வாரத்தில் மேலே ஏறும். பூத்தண்டு இருந்தா அதையும் எடுத்துடுங்க. சீக்காளியைப் பிடிச்சு கும்மி அடிக்கச் சொல்ல முடியுமா? பூவுக்குப் போற சத்து வேருக்குப் போகட்டும்.

வெட்டின வாயில் சமையலுக்கு வெச்சிருக்கிற பட்டையைத் தூளாக்கி லேசாத் தொட்டு வைக்கலாம். பூஞ்சாணத்தைத் தடுக்கும், காயத்தைக் காய வைக்கும். ஆனா காய வைக்கிற குணம் இருக்கிறதாலேயே நல்ல வேர் மேல தூவக்கூடாது. எங்க கூட வந்த ஒருத்தர் ஆர்வத்தில் விபூதி பூசற மாதிரி வேர் முழுக்கப் பூசிட்டாங்க, மறுபடியும் கழுவ வேண்டியதாப் போச்சு.

அழுகல் அதிகமா இருந்தா கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் கலந்து, செடியோட அடிப்பகுதியை 10 நிமிஷம் முக்கி எடுக்கலாம். கையுறை போட்டுக்குங்க, சமையல் பாத்திரத்தில் கலக்காதீங்க, குழந்தைங்க கையில் எட்டாத இடத்தில் வையுங்க. கடையில் "பூச்சி மருந்து" என்று கேட்டா பூச்சிக்குத்தான் தருவாங்க, பூஞ்சாணத்துக்கு என்று சொல்லிக் கேளுங்க. தாமிரம் கலந்த மருந்து மட்டும் வேண்டாம், டென்ட்ரோபியத்தைச் சுட்டுடும். சந்தேகம் இருந்தா திரூர்ல இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ ஒரு அழுகின வேரைக் காகிதத்தில் மடிச்சு எடுத்துப் போய்க் காட்டுங்க. வாயால் சொல்றதை விட வேரைக் காட்டினா அவங்களுக்கும் சொல்லச் சுலபம்.

மருந்தோ பட்டையோ எது போட்டாலும் உடனே நடக்கூடாது. நிழலில், காத்து வர்ற இடத்தில் ஒரு ராத்திரி தலைகீழா கட்டித் தொங்க விடுங்க. கரும்புக் கரணை போல உடனே நட்டா வெட்டுவாய் வழியா மறுபடியும் அழுகும்.

மறுபடியும் நடுறது

தொட்டி சின்னதா இருக்கணும். வேர் குறைஞ்ச செடியைப் பெரிய தொட்டியில் வெச்சா ஈரம் தங்கும். மண் தொட்டின்னா ரொம்ப நல்லது, பக்கத்தில் எல்லாம் ஓட்டை போட்டு விற்கிறாங்க. கிடைக்கலைன்னா பழைய தயிர் டப்பாவில் சூடான ஆணியால் அடியிலும் சுத்தியும் பத்துப் பதினைந்து ஓட்டை போட்டுக்கலாம்.

உள்ளே போட மண் வேண்டவே வேண்டாம். மரக்கரித் துண்டு, உடைஞ்ச ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டையைக் கட்டை விரல் அளவுக்கு வெட்டின துண்டு, இந்த மூணும் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, எல்லாம் நம்ம வீட்டுக் கொல்லையில் கிடைக்கிறதுதான். மட்டைத் துண்டை மூணு நாள் ஊற வெச்சு, தினமும் தண்ணியை மாத்தணும். முதல் நாள் தண்ணி டீ மாதிரி சிவப்பா இறங்கும், அந்தத் துவர்ப்பும் உப்பும் வெளியேறினாத்தான் வேருக்கு நல்லது. மட்டை ரெண்டு வருஷத்தில் மக்கி நார்த்தூள் மாதிரி ஆயிடும், அப்போ மாத்திடணும். கரியும் ஓடும் மக்காது. மழை மாதத்தில் எனக்கு மட்டை குறைச்சலா, ஓடு கூடுதலா போடுறதுதான் பிடிச்சிருக்கு.

அடித்தண்டு மேலேயே தெரியணும், வேர் மட்டும் துண்டுகளுக்குள்ளே போகணும். இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பாதி அழுகின 9 செடியில் ஒண்ணு ஆடிக்கிட்டே இருந்ததால, நிற்கட்டும்னு நான்தான் அடியை ரெண்டு விரல் ஆழம் உள்ளே அழுத்தி வெச்சேன். அது மட்டும் மூணே வாரத்தில் அழுகிப் போச்சு. ஆடுற செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, பழைய சேலைக் கிழிசலால் கட்டினாப் போதும். ஆடிக்கிட்டே இருந்தா புது வேர் நுனி உரசிச் செத்துடும், அதனால கட்டு அவசியம்.

வேரே இல்லாத அந்த 5 செடியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பீங்க. வேர் இல்லாத செடிக்குத் தண்ணி குடிக்க வாய் இல்லை. அதனால உடம்பில் இருக்கிற தண்ணி வெளியே போகாம பார்த்துக்கணும். ஒரு மண் சட்டியில் கழுவின தேங்காய் நாரை நனைச்சுப் பிழிஞ்சு பரப்பி, தண்டுகளை அதன் மேல படுக்க வெச்சு, கண்ணாடி மாதிரி தெரியற பாலித்தீன் கவரால் மூடி, கவரில் பத்து ஓட்டை போட்டோம். உள்ளே காத்து ஈரமா இருக்கும், தண்டு வாடாது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் கவரைத் திறந்து விடணும். நார் காய்ஞ்சா தண்ணி தெளிக்கணும், ஊத்தக்கூடாது.

குளிர் பிரதேசத்தில் இந்த வழி சுலபமா நடக்கும். நம்ம ஊரில் ஆபத்தும் இருக்கு. வெயில் காலத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் என்று செய்தியில் வர்ற ஊர்களில் திருத்தணியும் ஒண்ணு. மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், கூரை ஓரத்தில் இருந்து வெயில் நகர்ந்து வந்து ரெண்டு சட்டி மேல விழுந்தது, வீட்டில் யாரும் இல்லை. சாயங்காலம் வந்து திறந்தா இட்லிப் பானை திறந்த மாதிரி ஆவி. ரெண்டு செடியும் வெந்தே போச்சு. மூணாவது ஒண்ணு தானா அழுகிச்சு. ரெண்டு பிழைச்சது.

காத்திருக்கிற காலம்

நட்ட பிறகு நாலைந்து நாள் தண்ணி வேண்டாம், இலை மேல காலையில் லேசா தெளிச்சாப் போதும். வெயில் நேரா படாத இடம் வேணும். வேப்ப மரத்தடி, மாமரத்தடி, இல்லைன்னா பச்சை வலை இரட்டையா கட்டின இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெச்சா மேலே இருந்து அனல் இறங்கும், அது கூடாது.

எப்போ தண்ணி ஊத்தணும்னு தெரிஞ்சுக்கத் துடைப்பத்தில் இருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி தொட்டிக்குள்ளே அடி வரை சொருகுங்க. ஐந்து நிமிஷம் கழிச்சு உருவி கன்னத்தில் வெச்சுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா இன்றைக்குத் தண்ணி இல்லை. காய்ஞ்சிருந்தா நல்லா, அடி வழியா ஓடுற வரை ஊத்துங்க, பிறகு மறுபடி காய விடுங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்துறதை விட இது நல்லது. இந்த வழியில் பார்த்தா சித்திரை வெயிலில் தினமும் ஊத்த வேண்டி வரும், அடைமழையில் ஒரு வாரம் தொடவே வேண்டாம். ஊத்துறது காலையில்தான். சாயங்காலம் ஊத்தினா குருத்தில் தண்ணி தங்கி ராத்திரியில் அழுகும்.

புது வேர் வர்ற வரை உரம் எதுவும் போடாதீங்க. கழனித்தண்ணி, டீத்தூள், முட்டை ஓடு, சாணி கரைசல் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வாங்க. நல்ல செடிக்கு அதில் ஏதாவது சரியா இருக்கலாம். வேர் இல்லாத செடிக்குப் போட்டா புளிச்சு நாறி, கொசு மாதிரி சின்ன ஈ வந்து, அழுகலைத்தான் கூட்டும். வயித்துப் போக்கில் கிடக்கிறவங்களுக்கு யாரும் பிரியாணி போடுறது கிடையாது.

சுருங்கின இலை திரும்ப விரியுமான்னு தினமும் பார்த்து மனசு உடைஞ்சிடாதீங்க. பழைய சுருக்கம் பல சமயம் அப்படியேதான் இருக்கும். பார்க்க வேண்டியது அடித்தண்டை. மூணு வாரத்தில் இருந்து ரெண்டு மாதத்துக்குள்ளே, அடியில் இருந்து பச்சை நுனியோட ஒரு வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். அதுதான் புது வேர். மணவூரில் முதல் வேர் 26-ஆவது நாள் வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் போட்டுச் சொன்னாங்க.

அந்த நுனி ரொம்ப மென்மையானது. விரல் பட்டாலே நின்னுடும். ஊமச்சி நத்தைக்கு அது பலகாரம் மாதிரி, ராத்திரி டார்ச் அடிச்சுப் பொறுக்கி எடுங்க. வேர் ஒரு விரல் நீளம் வந்த பிறகு 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒரு தடவை தெளிக்கலாம், செடி தெளிஞ்ச பிறகு 1 கிராம். மாதம் ஒரு தடவை வெறும் தண்ணியால் தொட்டியை நல்லா அலசி விட்டா உரத்தோட உப்பு தங்காது.

சில செடியில் தண்டோட மேல் கணுவில் குட்டிச் செடி முளைக்கும். கரும்புக் கணுவில் பரு முளைக்கிற மாதிரிதான். அவசரப்பட்டு ஒடிக்காதீங்க. அதுக்கு ரெண்டு அங்குல வேர் வந்த பிறகு வெட்டித் தனியா நட்டா அது ஒரு புதுத் தொட்டி.

எந்த ஆர்க்கிட் நம்ம ஊருக்கு?

ஏற்காட்டுக்குச் சுற்றுலா போன குழுக்கள், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் வெச்சிருக்கிற தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்திருப்பீங்க. பார்த்துட்டு வரலாம், ஆனா மலையில் குளிருக்குப் பழகின வகைகளை வாங்கிட்டு வந்து நம்ம வெயிலில் வெச்சா வருஷம் முழுக்க வைத்தியம்தான் பண்ணிக்கிட்டிருப்போம். பட்டாம்பூச்சி மாதிரி பூக்கிற வகையும் நம்ம கோடையில் தவிச்சுப் போகும். டென்ட்ரோபியம், வாண்டா ரெண்டும் சூடு தாங்கும்.

வாண்டாவில் ஒரு வகை நம்ம சமவெளியிலேயே மா, வேம்பு, புளிய மரங்களில் தானா வளர்ந்து நிற்கும். பச்சை கலந்த மஞ்சள் இதழில் பழுப்புக் கட்டம் போட்டு, நடுவில் நீலமோ ஊதாவோ உதடு வெச்சு, நல்ல வாசனையோட பூக்கும். யாரும் அதுக்கு ரெண்டு வேளை தண்ணி ஊத்தலை. அடுத்த தடவை பார்த்தா பிடுங்காம, அதோட வேர் எப்படிக் காத்துல தொங்குதுன்னு மட்டும் நின்னு பாருங்க, இந்தக் கட்டுரையில் சொன்ன பாதி விஷயம் அங்கேயே தெரிஞ்சுடும். வாங்கின வாண்டாவையும் அதே மாதிரி மாமரத்துப் பட்டையில் தென்னை நார்க் கயிறால் கட்டி விடலாம். பட்டை உரியற கொய்யா மாதிரி மரத்தில் கட்டினா பட்டையோட செடியும் விழும். வாண்டாவுக்கு அடி அழுகினா, மேலே நல்ல வேர் இருக்கிற இடத்துக்குக் கீழே வெட்டி மேல் பாதியைத் தனியா காப்பாத்தலாம்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. வெனிலாவும் ஆர்க்கிட் குடும்பக் கொடிதான். 2003 வாக்கில் கேரளாவிலும் கர்நாடகாவிலும் அதோட விலை உச்சத்துக்குப் போய், ஊர் ஊரா மற்ற பயிரை விட்டுட்டு வெனிலா நட்டாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ளே விலை விழுந்தது, கொடிக்கு வேரழுகலும் வந்து சேர்ந்தது. அதனால என் அபிப்பிராயம், முதல் வருஷம் 5 தொட்டிக்கு மேல கடனில் வாங்க வேண்டாம். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அந்த 5 தொட்டி தாண்டட்டும், பிறகு பார்க்கலாம். இளஞ்செடி வாங்கினா பூ வர ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகும், ஆனா கடன் தவணை அடுத்த மாதமே வந்துடும்.

மணவூர் சகோதரி கணக்கையும் சொல்லிடறேன். நல்லா இருந்த 6, பாதி அழுகின 9-ல் 8, வேரில்லாத 5-ல் 2, ஆக 16 தொட்டி இப்போ அவங்க வீட்டு வேப்ப மரத்தடியில் இருக்கு. மூணு குட்டிச் செடி தனியா நட்டிருக்காங்க. மாதம் 500 ரூபாயும் வட்டியுமா தவணையைப் பால் காசில் இருந்து கட்டிக்கிட்டு வர்றாங்க, இதுவரை ஒரு பூ கூட விற்கலை. பூச்செடிக்குக் கடன் கிடையாது என்ற தீர்மானத்தை அந்தக் குழு எழுதவும் இல்லை. போன வாரம் போனப்போ, திட்டிக்கிட்டிருந்த மாமியார்தான் ஈர்க்குச்சியைக் கன்னத்தில் வெச்சுப் பார்த்துட்டு, "இந்தத் தொட்டிக்கு இன்னைக்கு வேணாம்"ன்னு மருமகளுக்குச் சொல்லிக்கிட்டிருந்தாங்க.